ஆரிகன் வண்டித்தடத்தில் கிழக்கு நோக்கி

1

இன்று காலை எங்கள் தெரு வழியாகக் கூண்டுவண்டி ஊர்வலம் போனது. ஆரிகன் மாநிலத்தின் இந்தச் சிற்றூரில் ஒவ்வொரு கோடையிலும் நடப்பதுதான். ஏறக்குறைய நூற்றைம்பது வருடங்களுக்கு முன்னால் மிசௌரி ஆற்றங்கரையில் மாட்டுவண்டி கட்டி, பொட்டலும் மலையும் தாண்டி, மாதக்கணக்கில் நடந்து இங்கே வந்து நிலம் பிடித்தவர்களின் நினைவாக ஊர்க்காரர்கள் அந்தக் காலத்து உடை உடுத்தி வருவார்கள். பெண்கள் தலையில் துணிக் குல்லாய், ஆண்கள் தோளில் தோல் வார். அவர்கள் வருவதற்கு முன்பே இந்த மண்ணில் இருந்தவர்களை ஊர்வலத்தில் யாரும் காட்டுவதில்லை.

எதிர்வீட்டுப் பெரியவர் வண்டிமேல் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் தொப்பியை ஆட்டி, "ஏழுமலை! நீங்களும் முன்னோடிகள்தான். எங்கள் கொள்ளுத்தாத்தாவைவிட அதிக தூரம் வந்தவர்கள்!" என்று ஆங்கிலத்தில் கூவினார். நல்ல மனிதர். நானும் கையசைத்தேன்.

பக்கத்தில் என் மகள் கலா நின்றிருந்தாள். பதினேழு வயது. அடுத்த மாதம் கிழக்குக் கரையில் ஒரு கல்லூரிக்குப் போகிறாள். வண்டி தெருமுனையில் திரும்பி மறையும்வரை பார்த்தவள், உள்ளே போய்விட்டாள். இருவருக்கும் ஒரே நினைவுதான் வந்திருக்கும். மூன்று வருடங்களுக்கு முன் அந்தத் தடத்தில் நாங்களும் போனோம். முன்னோடிகள் வந்த திசைக்கு நேர் எதிராக, மேற்கிலிருந்து கிழக்கே. போகும்போது நான், கலா, என் மனைவி வசந்தா. திரும்பி வந்தது நானும் கலாவும் மட்டும்.

2

என்னைத் தெரியாதவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். செஞ்சியிலிருந்து மேல்சித்தாமூர் போகிற வழியில் ஒரு கிராமம் எனக்கு. நெல்லும், மல்லாட்டை என்கிற வேர்க்கடலையும் போட்ட குடும்பம். செஞ்சியில் பள்ளிப் படிப்பு, மெட்ராஸில் பொறியியல், அப்புறம் உதவித்தொகையில் இங்கே வந்து, மாநிலச் சாலைத்துறையில் பாலங்களைச் சோதிக்கும் வேலையில் ஒட்டிக்கொண்டேன். வசந்தா செஞ்சி கடைத்தெருவில் பிறந்தவள். அவள் தம்பி தண்டபாணி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பம்புசெட்டு சாமான் கடை வைத்திருக்கிறான். கலா இங்கே பிறந்தாள். ரொம்ப வருடம் கழித்துக் குமரன் பிறந்தான்.

எண்பத்து மூன்றாம் வருடம் இலையுதிர் காலத்தில் குமரன் இறந்தான். நாலு வயது. காலையில் காய்ச்சல் என்று படுத்தான். மத்தியானம் கழுத்தைத் திருப்ப முடியவில்லை என்று அழுதான். மறுநாள் மாலைக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. மூளைக்காய்ச்சல். டாக்டர்கள் ஓடி ஓடித்தான் பார்த்தார்கள். யாரையும் குறை சொல்ல எனக்கு வழியில்லை. வழி இருந்திருந்தால் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்குமோ என்னவோ.

இறந்த பிறகு காகிதங்கள் வந்தன. குடும்பப் பெயர் என்ன என்று கேட்டாள் அலுவலகத்துப் பெண். எங்களுக்கு அப்படி ஒன்று கிடையாது, அப்பன் பெயரின் முதலெழுத்துதான் என்றேன். அவள் பரிவோடுதான் கேட்டாள், ஆனால் அந்தக் கட்டம் நிரம்பாமல் அடுத்த மேசைக்குக் காகிதம் நகராது. சரி, என் பெயரையே போடுங்கள் என்றேன். கல்லறைக் கல் செதுக்குகிறவரிடம் அந்தக் காகிதம்தான் போனது. இந்த ஊர் வழக்கப்படி மேலே பெரிய எழுத்தில் ஏழுமலை என்றும், கீழே சின்ன எழுத்தில் குமரன் என்றும் செதுக்கிவிட்டார். மாற்றித் தருகிறேன் என்று அவரே வந்து சொன்னார். வேண்டாம் என்றுவிட்டேன். இன்றைக்கும் கல்லறைத் தோட்டத்துச் சரிவில் ஏறும்போது தூரத்திலிருந்து முதலில் தெரிவது என் பெயர்தான்.

வேலையிடத்து நண்பர்கள் எல்லாரும் வந்தார்கள். மூடிபோட்ட பாத்திரங்களில் சாப்பாடு கொண்டுவந்து வைத்தார்கள். தாழ்ந்த குரலில் ஆறுதல் சொன்னார்கள், என் தோளைத் தொட்டார்கள், கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனார்கள். அன்புக்குக் குறைவில்லை. ஆனால் வசந்தா வளர்ந்தது வேறு மாதிரி. அவள் தெருவில் ஒரு சாவு விழுந்தால் தெருமுனையிலேயே பெண்கள் குரலெடுத்துக்கொண்டு வருவார்கள். பெற்றவளைக் கட்டிப்பிடித்து, தலையோடு தலை முட்டி, பழைய சாவுகளையும் சேர்த்து இழுத்து அழுது தீர்ப்பார்கள். இங்கே அவள் நாற்காலியில் உட்கார்ந்து, வந்தவர்களுக்கெல்லாம் "தேங்க்யூ, தேங்க்யூ" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

மூன்றாம் நாள் பால் ஊற்ற வேண்டும் என்றாள். எங்கள் பக்கம் பெண்கள் இடுகாட்டுக்குப் போகிற வழக்கமில்லை. இங்கே வேறு யார் போவது? கடையில் வாங்கிய பால் அட்டைப்பெட்டியைத் திறந்து, புது மண்ணின்மேல் அவளே ஊற்றினாள். கல்லறைத் தோட்டத்தைப் பார்த்துக்கொள்கிறவர் தூரத்திலிருந்து இதைப் பார்த்துவிட்டு, கைதவறிக் கொட்டிவிட்டது என்று நினைத்து, காகிதத் துண்டுகளை எடுத்துக்கொண்டு ஓடிவந்தார். "பரவாயில்லை அம்மா, நான் துடைக்கிறேன்" என்று மண்டியிட்டார். வசந்தா அதற்கும் "தேங்க்யூ" என்றாள்.

செஞ்சிக்கு டிரங்க் கால் போட்டோம். அந்தக் குளிர்காலத்தில் ஊருக்குப் போய், மேல்மலையனூர் கோயிலில் குமரனுக்குக் காது குத்துவதாக இருந்தது. தாய்மாமன் தண்டபாணி கடுக்கன் செய்து வைத்திருந்தான். விஷயத்தைச் சொன்னதும் லைனில் இரைச்சல்தான் கேட்டது. பிறகு, "மாமா... மாமா..." என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தான். வசந்தாவிடம் கொடுத்தேன். அவள் காதில் வைத்துக்கொண்டு நின்றாள். அழவில்லை.

அதற்குப் பிறகு அவள் பேச்சு சுருங்கிக்கொண்டே வந்தது. சமைப்பாள், துணி மடிப்பாள், கேட்டால் பதில் சொல்வாள். நான் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் குமரனிடம் போய்வந்தேன். அவள் ஒரு தடவைகூட வரவில்லை.

3

அடுத்த கோடையில், கொஞ்ச நாள் செஞ்சிக்குப் போய்வருகிறேன் என்றாள். பள்ளி விடுமுறைதானே, கலாவையும் கூட்டிக்கொண்டு இரண்டு மாதம் இருந்துவிட்டு வரட்டும் என்று முடிவானது. எனக்கு அவ்வளவு விடுப்பு இல்லை.

அப்போது கலாவுக்குப் பதினாலு வயது. இந்த மாநிலத்தில் எல்லாக் குழந்தைகளும் பள்ளியில் வண்டித்தடத்தைப் பற்றிப் படித்தே ஆகவேண்டும். செருப்புப் பெட்டியில் வண்டி செய்து, துணியில் கூண்டு கட்டி, மேப்பில் ஊர் ஊராகக் கோடு போடுவார்கள். அவள்தான் சொன்னாள்.

"நைனா, மிசௌரி வரைக்கும் கார்ல போலாம். அங்கேருந்து நாங்க பிளேன் ஏறிக்கறோம். வண்டியெல்லாம் கெளம்புன எடம் அதான். நாம ரிவர்ஸ்ல போலாம்."

எங்கள் வீட்டில் அப்பனுக்கு நைனாதான். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ரொம்ப நாள் அதை என் பெயர் என்று நினைத்து, என்னை மிஸ்டர் நைனா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நான் உடனே சம்மதித்தேன். பகலெல்லாம் ஒரே காரில் உட்கார்ந்து போனால் வசந்தா வாய் திறப்பாள் என்று ஓர் ஆசை. அவள் தோசை மாவு, எலுமிச்சைச் சோறு, ஊறுகாய் என்று ஐஸ் பெட்டியில் அடுக்கினாள். குமரனின் சட்டை ஒன்று அவள் பெட்டிக்குள் போவதைப் பார்த்தேன். கேட்கவில்லை.

கொலம்பியா ஆற்றை ஒட்டிப் புறப்பட்டோம். வழியில் நான் சோதித்த பாலங்கள் வந்தன. ஒவ்வொன்றையும் காட்டி ஏதாவது சொன்னேன். வசந்தா தலையாட்டினாள். ஆரிகனின் நீலமலைத் தொடரைத் தாண்டி ஐடஹோவுக்குள் இறங்கியதும் பச்சை போய்விட்டது. சாம்பல் பூத்த புதர், வறண்ட மண், கண்ணுக்கெட்டிய தூரம் ஆளில்லை. கலா பின்சீட்டில் மேப்பை விரித்துவைத்துக்கொண்டு, இங்கே ஒரு கோட்டை இருந்தது, இங்கே மாடுகளை ஆற்றில் இறக்கினார்கள் என்று வாசித்துக்கொண்டே வந்தாள்.

ஓர் இடத்தில் சாலையோரம் இரும்பு வேலி போட்ட சின்னக் கல்லறை ஒன்று இருந்தது. பக்கத்தில் ஒரு பலகை. நான் நிறுத்தியிருக்கக்கூடாது. கலா கத்தினாள் என்று நிறுத்தினேன்.

கலாவின் தமிழில் ஒரு கோளாறு இருந்தது. தம்பி போனபோது ஃபோனில் நாங்கள் மாறி மாறி "இறந்துட்டான்" என்று சொன்னதை, அவள் "இறங்கிட்டான்" என்று காதில் வாங்கியிருந்தாள். நானும் வசந்தாவும் திருத்தவில்லை.

பலகையைப் படித்துவிட்டு அம்மாவிடம் சொன்னாள். "அம்மா, இதுவும் பாப்பாதான். வழியில இறங்கிடுச்சு."

"பேரு இன்னா?"

"பேரு தெரியாதாம். வண்டி நிக்கக்கூடாதும்மா. பனி வர்றதுக்குள்ள மலை தாண்டணும். அதனால அங்கேயே புதைச்சிட்டு, அதுக்கு மேலயே எல்லா வண்டியும் ஓட்டிட்டுப் போய்டுவாங்களாம். எடம் தெரியக்கூடாதுன்னு. தெரிஞ்சா ஓநாய் தோண்டிடுமாம்."

"பெத்தவ?"

"அவளும் அந்த வண்டியிலதான் போவா."

வசந்தா வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "திரும்பிப் பாத்திருப்பாளா?" என்று கேட்டாள்.

கலா என்னைப் பார்த்தாள். பிறகு பலகையை இன்னொரு தடவை மேலிருந்து கீழ்வரை படித்தாள். "அது போடலம்மா" என்றாள்.

4

வயோமிங்கில், ஸ்வீட்வாட்டர் என்ற சிற்றாற்றின் கரையில், புல்வெளி நடுவே ஒற்றைப் பாறை ஒன்று கிடக்கிறது. யானை படுத்த மாதிரி, ஆனால் ஒரு மலையளவு. மேற்கே போனவர்கள் அதன்மேல் ஏறித் தங்கள் பெயரைச் செதுக்கிவிட்டுப் போவார்களாம். ஆயிரக்கணக்கில் பெயர்கள். அதைக் கண்டதும் நான் பிரேக்கை அழுத்திவிட்டேன். செஞ்சியிலிருந்து யாரோ பெயர்த்தெடுத்து வைத்த மாதிரி இருந்தது. அதே கருங்கல், அதே சாம்பல் நிறம், வெயிலில் அதே மாதிரி தோலுரிந்த பாளங்கள்.

கல்யாணம் ஆன புதிதில் தண்டபாணி எங்களைச் செஞ்சிக் கோட்டையின் ராஜகிரி மலைக்குக் கூட்டிப்போனது நினைவுக்கு வந்தது. உச்சிக்குக் கொஞ்சம் கீழே பாறை பிளந்த இடத்தில் ஒரு பாலம் உண்டு. பாலம் கட்டப் படித்த நான் அதில் கால் வைக்கத் தயங்கி நின்றேன். வசந்தா புதுப்புடவையோடு தாண்டிப் போய், அந்தப் பக்கத்திலிருந்து சிரித்தாள். "இன்னா எஞ்சினியரு நீங்க, வாங்க!" அவள் என்னிடம் உரிமையோடு பேசிய முதல் பேச்சு அது.

வசந்தா காரிலிருந்து இறங்கி நேராகப் பாறையிடம் போனாள். உள்ளங்கையை அதில் வைத்தாள். பிறகு கேன்வாஸ் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஏற ஆரம்பித்தாள். நானும் கலாவும் பின்னால் ஏறினோம். உச்சியில் காற்று பலமாக இருந்தது. யாரோ ஒரு குடும்பம் படம் எடுத்துக்கொண்டிருந்தது.

வசந்தா அவர்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். முடியை அவிழ்த்தாள். முதலில் முனகல் மாதிரிதான் வந்தது. அப்புறம் அது குரலானது.

காது குத்த நாள் பாத்தேன்
கடுக்கனுக்குப் பொன் எடுத்தேன்
மாமன் மடி காத்திருக்க
மண்ணு மடி போனியேடா...

மார்பில் அறைந்துகொண்டு அழுதாள். "கொமரா, என் கொமரா" என்று அந்தப் புல்வெளி முழுக்கக் கேட்கும்படி கூப்பிட்டாள். அவன் போய் ஏறக்குறைய ஒரு வருடம் கழித்து அன்றுதான் அவனுக்காக ஒருத்தி வாய்விட்டு அழுதாள். கலா என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் ஒப்பாரி கேட்டதே இல்லை. "நைனா, அம்மாவுக்கு என்ன ஆச்சு? நிறுத்தச் சொல்லுங்க நைனா." படம் எடுத்த குடும்பம் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு இறங்கிவிட்டது.

கொஞ்ச நேரத்தில் அந்த இடத்துக் காவல் அதிகாரி மூச்சிரைக்க ஏறிவந்தார். அடி பட்டுவிட்டதா, டாக்டர் வேண்டுமா என்று கேட்டார். நான் ஆங்கிலத்தில் சொல்லைத் தேடினேன். ஒன்றும் அகப்படவில்லை. "பாடுகிறாள்" என்றேன்.

அவர் சற்று நேரம் கேட்டுக்கொண்டு நின்றார். பிறகு தண்ணீர்ப் புட்டியை என்னிடம் கொடுத்துவிட்டு, ஏறி வருகிற மற்றவர்களை வழியில் நிறுத்துவதற்காகக் கீழே இறங்கிப்போனார்.

அழுது ஓய்ந்ததும் வசந்தா முகத்தைத் துடைத்து முடியை முடிந்துகொண்டாள். ஒரு வருடமாகப் பார்க்காத தெளிவு அந்த முகத்தில் இருந்தது. எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது, ஒரு நிமிடம்.

"ஏங்க, நான் திரும்பி வரமாட்டேங்க."

"ரெண்டு மாசத்துக்குத்தானே போற."

"இல்லீங்க. நான் அங்கியே இருந்துடறேன். நீங்களும் வந்துடுங்க. கலாவுக்கு அங்க பள்ளிக்கூடம் இல்லியா? உங்களுக்கு வேல கெடைக்காதா? பாலமே இல்லாத ஊரா அது?"

"வசந்தா, என்னால முடியாது."

"ஏன் முடியாது? அங்க கல்லுதாங்க இருக்குது. உங்க பேரு போட்ட கல்லு."

அந்தச் சரிவைவிட்டு நிரந்தரமாகப் போவதை நினைத்தாலே எனக்கு மூச்சு முட்டியது. அவளுக்கோ அங்கே இருப்பதை நினைத்தால் மூச்சு முட்டியது. இதில் யாரை யார் சம்மதிக்க வைப்பது?

5

அதற்குப் பிறகு நெப்ராஸ்கா முழுக்கச் சமவெளி. பிளாட் ஆறு கூடவே வந்தது. ஆழமில்லாமல், மணல் திட்டுத் திட்டாக, கோடையில் நம் பக்கத்து ஆறுகள் கிடக்கிற மாதிரி. வசந்தா பேசிக்கொண்டே வந்தாள். நான் ஏங்கிய பேச்சு எல்லாம் வந்தது. எல்லாம் செஞ்சியைப் பற்றி. தண்டபாணி வீட்டுக்குப் பின்னால் ஓர் அறை காலியாக இருப்பது, அதை எப்படி ஒழுங்கு செய்வது, கலாவுக்கு முதலில் தமிழ் எழுதச் சொல்லித்தர வேண்டும் என்பது. நான் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். நடுநடுவே கெஞ்சினேன், ஒருமுறை கத்தினேன். பின்சீட்டில் கலா மேப்பை மடித்து வைத்துவிட்டாள். அதன்பிறகு அவள் எந்த ஊரின் பெயரையும் வாசிக்கவில்லை.

வண்டிகள் புறப்பட்ட ஊரில் பார்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஒரு கடைத்தெரு, ஒரு நீதிமன்றக் கட்டடம். அங்கே ஓர் இரவு தங்கிவிட்டு விமான நிலையத்துக்குப் போனோம்.

பெட்டிகளைத் தராசில் வைக்கும்போது கலா தன் பெட்டியைக் கையிலிருந்து விடவில்லை.

"நான் வரலம்மா."

"இன்னாடி சொல்ற? மாமா வண்டி வச்சிக்கினு மெட்ராஸ் வந்து நிப்பான்."

"வந்தா என்ன அங்கயே வச்சுக்குவீங்க."

வசந்தா பொய் சொல்லத் தெரியாதவள். "ஆமா, வச்சிக்குவேன். பெத்தவகிட்ட இருந்தா இன்னா ஆயிடும் உனுக்கு?"

"என் ஸ்கூல், என் ஃபிரெண்ட்ஸ் எல்லாம் இங்கதான்மா இருக்கு." அழுகை முட்டியதும் அவளுக்குத் தமிழ் தட்டியது. ஆங்கிலத்தில் ஏதேதோ சொன்னாள். கடைசியில் திரும்பவும் தமிழுக்கு வந்து, "நைனா அவ்ளோ தூரம் எப்டிம்மா தனியா ஓட்டிட்டுப் போவாரு?" என்றாள்.

வசந்தா என்னைப் பார்த்தாள். நான் ஏதாவது சொல்வேன் என்று எதிர்பார்த்திருக்கலாம். "போய்ட்டு வா, கலா" என்று நான் சொல்லியிருந்தால் அவள் போயிருப்பாள். வசந்தா மகளின் முகத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்துவிட்டு, உள்ளே போனாள். அந்த ஐடஹோக் கல்லறை வேலியருகே அவள் கேட்ட கேள்வி எனக்கு ஞாபகம் வந்தது. அவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக் கதவு மூடும்வரை பார்த்துக்கொண்டேதான் போனாள்.

நானும் கலாவும் மேற்கே வண்டியைத் திருப்பினோம். அவள் முன்சீட்டுக்கு வந்து உட்கார்ந்தாள். எந்தப் பலகைக்கும் நிற்கவில்லை.

6

வருடங்கள் எப்படிப் போயின என்று சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. காலையில் பாலம், மாலையில் சமையல். கலா என்னைக் கூப்பிடுவது நைனாவிலிருந்து டாடுக்கு மாறியது. எந்த நாளில் என்று சொல்ல முடியவில்லை. மாதம் ஒருமுறை செஞ்சிக்கு ஃபோன். சாப்டியா, சாப்டேன். படிக்கிறியா, படிக்கிறேன். அதற்குமேல் மகளிடம் சொல் இருக்காது. ஒருமுறை வசந்தா "ஏக்கமா இருக்குது கண்ணு" என்றிருக்கிறாள். கலா ஃபோனைக் கையால் பொத்திக்கொண்டு, "டாட், ஏக்கம்னா என்ன?" என்று கேட்டாள். ஆங்கிலத்தில் சரியான சொல் எனக்குச் சிக்கவில்லை. நான் தேடுவதற்குள் லைன் போய்விட்டது.

போன வருடம் தை மாதம் செஞ்சிக்குப் போனேன். கலாவுக்குப் பரீட்சை என்று வரவில்லை. திண்டிவனத்தில் பஸ் ஏறி, கோட்டையின் மூன்று மலையும் கண்ணில் பட்டதும் எழுந்து படிக்கட்டருகே போய் நின்றுகொண்டேன். தண்டபாணி பெட்டியை வாங்கிக்கொண்டு, "அக்கா பால்வாடில இருக்குது மாமா. வூட்டுக்கு வந்துடும், நீங்க குந்துங்க" என்றான். நான் உட்காரவில்லை. நேராக அங்கே போனேன்.

தெருக்கோடியில் ஓர் ஓட்டுக் கட்டடம். வசந்தா தரையில் உட்கார்ந்து, வரிசையாக இருந்த பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். அது அவளுக்குச் சம்பள வேலை இல்லை. அவளாகப் போய்ச் செய்கிறாள். எல்லாம் மூன்று, நாலு வயசுப் பிள்ளைகள். ஒருவன் அவள் முதுகில் சாய்ந்து தொங்கிக்கொண்டிருந்தான். அவளை "அமெரிக்கா அக்கா" என்று கூப்பிட்டார்கள். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் கையில் சோற்றோடு எழுந்து, "எளச்சிட்டீங்களே" என்றாள்.

மாலையில் கோட்டைக்குள் செட்டிகுளம்வரை நடந்தோம். படியில் உட்கார்ந்தோம். கலாவின் உயரம், அவள் முடியை வெட்டிக்கொண்டது, கார் ஓட்டப் பழகுவது எல்லாம் கேட்டாள். பிறகு நான் கேட்டேன்.

"வந்துடு வசந்தா. நாம மூணு பேராவது ஒண்ணா இருக்கலாம்."

"இங்க வந்து நாலு பேரா இருங்களேன்."

"நாலு பேரா?"

அவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். "நீங்க வாரா வாரம் அங்க போறீங்கன்னு கலா சொல்லிச்சு. அவன் அங்க இல்லீங்க. அந்தப் பாறைல நான் கூப்ட்டேன் பாருங்க, அப்பவே ஏந்து என்கூட வந்துட்டான். பிளேன்ல என் மடியிலதான் வந்தான். இங்கதான் இருக்குறான்."

அவள் புத்தி பிசகிச் சொல்லவில்லை. நான் அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். அவ்வளவு நிம்மதியான முகம். நான் எதைச் சொல்லி அதைக் கலைப்பது? அந்நேரம் ஜனவரிக் குளிர்மழை ஆரிகனில் பெய்துகொண்டிருக்கும், கல்மேல் பாசி பிடித்திருக்கும் என்றுதான் என் மனம் ஓடியது. அவன் அவளிடமும் இருந்தான். என்னிடமும் இருந்தான். எங்கள் இரண்டு பேருக்கும் அவனைப் பொதுவாக வைத்துக்கொள்ளத்தான் தெரியவில்லை.

விடுப்பு முடிந்து புறப்பட்டபோது பஸ் ஸ்டாண்டுக்கு வந்தாள். சன்னலோரம் நின்று, ஒரு பொட்டலம் மல்லாட்டை வாங்கிக் கொடுத்தாள். "கலாகிட்ட குடுங்க" என்றாள். விமான நிலையத்தில் சுங்கத்துறைக்காரர் விதைப் பொருள் கூடாது என்று அதை வாங்கிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டார்.

7

இன்று ஊர்வலம் போன பிறகு, மத்தியானம் சாப்பிடும்போது கலா சொன்னாள். ஆங்கிலத்தில்தான் சொன்னாள்.

"நான் போனதும் இந்த வீட்டில் தனியாக என்ன செய்வீர்கள் டாட்? அம்மாவிடம் போய்விடுங்கள். எனக்கு இப்போது புரிகிறது. என்னால்தான் நீங்கள் போகவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்."

"உன்னால இல்ல" என்றேன்.

"தெரியும். தம்பிக்காகத்தான்" என்றாள். தட்டைக் கழுவி வைத்துவிட்டு மாடிக்குப் போனாள்.

மாலைவரை தோட்டத்தில் நின்றேன். வேலையை விடலாம். வீட்டை விற்கலாம். வசந்தாவுக்கும் வயசாகிக்கொண்டு போகிறது. நானும் எத்தனை காலம் இப்படி? அவள் சொன்னதையே நம்பிப் பார்த்தால் என்ன, அவன் அங்கேதான் இருக்கிறான் என்று. முதல்தடவையாக, போய்விட முடியும் என்று தோன்றியது. கால் இலேசாக இருந்தது. இங்கே சாயங்காலம் என்றால் அங்கே விடிந்திருக்கும். ஆபரேட்டரைக் கூப்பிட்டு எண்ணைக் கொடுத்தேன்.

தண்டபாணிதான் எடுத்தான். "மாமாவா! இருங்க, அக்கா தண்ணி புடிச்சிக்கினு இருக்குது, இட்டாறேன்."

செஞ்சியின் காலை இரைச்சல் ஃபோனுக்குள் கேட்டது. ஒரு பஸ் விடாமல் ஹாரன் அடித்தது. பிறகு ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு வருகிறவளின் மூச்சு.

"இன்னாங்க? கலாவுக்கு ஒண்ணுமில்லியே?"

"ஒண்ணுமில்ல. நல்லா இருக்கறா. வசந்தா, நான் ஒண்ணு கேக்கணும். அவ அடுத்த மாசம் காலேஜுக்குப் போயிடுவா. நான் எல்லாத்தையும் முடிச்சிட்டு அங்க வந்துடட்டுமா?"

லைன் போய்விட்டது என்று நினைத்து, "வசந்தா?" என்றேன்.

"கொழந்தைய அங்க தனியா வுட்டுட்டா?" என்றாள்.

நான் ஃபோனைக் காதோடு அழுத்திக்கொண்டேன். குளத்துப் படியில் அவள் சொன்னதெல்லாம் பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இத்தனை நாளும் அவள் அங்கே நிம்மதியாக இருந்தது, நான் இங்கே அவன் பக்கத்தில் இருக்கிறேன் என்பதால்தான்.

"சும்மாதான் கேட்டேன்" என்றேன்.

அவள் மூக்கை உறிஞ்சினாள். பிறகு மெதுவாக, "அங்க மழ பேஞ்சுதா?" என்று கேட்டாள்.

"போன வாரம் பேஞ்சுது."

"அவன் எடத்துல தண்ணி நிக்குதா?"

"நிக்கல. சரிவான எடம் இல்லியா, ஓடிடும்."

"அப்ப சரி" என்றாள்.